உடற்பயிற்சிக்கு முன் கஞ்சா கம்மி (கஞ்சா கலந்த மிட்டாய்) எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 36 வயது, 78 கிலோ. ஸ்காபுரோவில் இருக்கிறேன். களஞ்சியம் ஒன்றில் இரவு வேலை, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். அக்டோபரில் ரொறன்ரோவில் அரை மராத்தான் ஓடப் பதிந்திருக்கிறேன். கிழமையில் நாலு நாள் ஜிம். போகுமுன் ப்ரீ-வொர்க்அவுட் பவுடர் ஒன்றரைக் கரண்டி எடுப்பேன். ஒரு கரண்டியில் 300 மில்லிகிராம் கஃபீன் என்று டப்பாவில் இருக்கிறது. அதோடு ஒரு கஞ்சா கம்மி போட்டால் களைப்புத் தெரியாது, ஓட்டமும் அலுக்காது, அதுவும் ஒரு சப்ளிமென்ட்தான் என்று ஜிம் நண்பர்கள் சொன்னார்கள். கனடாவில் சட்டப்படி விற்பதுதானே என்று 5 மில்லிகிராம் கம்மி ஒன்று போட்டேன். அரை மணித்தியாலமாகியும் ஒன்றும் தெரியவில்லை, இன்னொன்று போட்டேன். டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பளு தூக்குவது) முடித்து பாரைக் கீழே வைத்து நிமிர்ந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது, நெஞ்சு படபடவென்று அடித்தது. வீட்டுக்குக் கார் ஓட்டிவரும்போதுதான் போதை முழுதாக ஏறியது. அளவைக் குறைத்து எடுத்தால் சரிவருமா? ஓட்டப் போட்டியில் சோதிப்பார்களா? அப்பாவுக்கு 49 வயதில் பைபாஸ் நடந்தது. பிறகு வால்வும் மாற்றியதால், இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுக்கிறார். அவருடைய முழங்கால் வலிக்கு, கஞ்சாவிலிருந்து எடுக்கும் சிபிடி எண்ணெய் கொடுக்கலாமா? டிசம்பரில் எல்லோரும் யாழ்ப்பாணம் போகிறோம்.

பதில்: அளவைக் குறைத்தாலும் உங்களுக்கு இது சரிவராது. கம்மியை விட்டுவிடுங்கள், பவுடரையும் குறையுங்கள். கண் இருட்டியதையும் படபடப்பையும் இந்தக் கிழமையே குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். எடுத்தது என்ன, எவ்வளவு என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அவரைப் பார்க்கும்வரை நடப்பது போதும். பாரைத் தொடவேண்டாம், வேக ஓட்டமும் வேண்டாம். இடையில் நெஞ்சு இறுக்கம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, மயக்கம் வந்தால் காத்திருக்காமல் 911 அழையுங்கள்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம். கஞ்சாவில் போதை தருவது டிஎச்சி. அது உடம்பில் ஏறும்போது இதயத்தை விரட்டும் நரம்புகள் முடுக்கப்படுகின்றன, அடக்கிவைக்கும் நரம்புகள் தளர்கின்றன. சும்மா இருக்கும்போதே நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 20 முதல் 50 வரை கூடலாம். அதே நேரத்தில் கை கால்களின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. சாதாரணமாக நாம் எழுந்து நிற்கும்போது கால் குழாய்கள் சட்டென்று சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளும். டிஎச்சி ஏறியிருந்தால் அந்தச் சுருக்கம் மந்தமாகிவிடும்.

இப்போது டெட்லிஃப்டுக்கு வாருங்கள். பாரைத் தூக்கும்போது மூச்சை அடக்கி வயிற்றை இறுக்குகிறீர்கள். நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. பாரை வைத்து மூச்சை விட்டதும் இரத்த அழுத்தம் ஒரு கணம் சரியும். கஞ்சா இல்லாதவர்களுக்கும் இது நடக்கும், ஆனால் ஓரிரு நொடியில் குழாய்கள் சுருங்கிச் சமாளித்துவிடும். உங்களுக்கு அந்தச் சமாளிப்பு தாமதமானது, அதனால் கண் இருட்டியது. அழுத்தம் விழுந்ததைக் கண்டு இதயம் இன்னும் வேகமாக ஓடியது. அதன்மேல் 450 மில்லிகிராம் கஃபீன் வேறு. வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் கனடா சுகாதாரத் துறை சொல்லும் உச்ச அளவே 400 மில்லிகிராம். இரவு வேலையில் இருக்கும் நீங்கள் கோப்பி குடிக்காமல் இருக்கமாட்டீர்கள். நடுத்தர அளவு டிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பி ஒன்றில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இருக்கிறது. கூட்டிப் பாருங்கள்.

இதெல்லாம் அப்பாவின் பைபாஸ் இல்லாமலே. தகப்பனுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன் இதயக் குழாய் அடைப்பு வந்திருந்தால் அதைத் தனி ஆபத்துக் காரணியாகவே எடுத்துக்கொள்வோம். தெற்காசியர்களான நமக்கு இந்த நோய் மற்றவர்களைவிட இளவயதிலேயே வருகிறது என்பதும் தெரிந்ததே. 1974இல் வெளியான ஓர் ஆய்வில், இதய வலி உள்ள நோயாளிகளைக் கஞ்சா புகைத்தபின் சைக்கிள் மிதிக்கவைத்தார்கள். வலி தொடங்கும்வரை அவர்களால் மிதிக்க முடிந்த நேரம் 48 சதவீதம் குறைந்தது. டிஎச்சி நீக்கிய போலிக் கஞ்சாவில் குறைவு சுமார் 9 சதவீதம்தான். 2001இல் மாரடைப்பு வந்தவர்களிடம் நடத்திய இன்னோர் ஆய்வில், கஞ்சா புகைத்த முதல் ஒரு மணித்தியாலத்தில் மாரடைப்பு ஆபத்து 4.8 மடங்கு கூடியிருந்தது. அதில் அப்படிப் புகைத்திருந்தவர்கள் மிகச் சிலரே, ஆகவே அந்த எண்ணை இறுகப் பிடிக்கத் தேவையில்லை. ஆனால் டிஎச்சி ஏறிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில்தான் உங்கள் நண்பர்கள் உங்களை ட்ரெட்மில்லில் ஏறச் சொல்கிறார்கள். உங்கள் இதயக் குழாய்கள் சுத்தமாகவே இருக்கலாம். அது பரிசோதித்துத் தெரியவேண்டியது, ஓடிப் பார்த்துத் தெரிந்துகொள்வதல்ல.

ஓட்டத்துக்கு உதவுமா என்றால், உதவாது. 1986இல் ஆரோக்கியமான இளைஞர்கள் 12 பேர், கஞ்சா புகைத்து 10 நிமிடத்தில் சைக்கிளில் உச்சம்வரை மிதித்தார்கள். புகைக்காத நாளில் 16.1 நிமிடம் தாங்கியவர்கள் புகைத்த நாளில் சுமார் 15 நிமிடத்தில் ஓய்ந்தார்கள். இலேசான, நடுத்தரமான சுமைகளில் இதயத்துடிப்பு வழக்கத்தைவிட ஏறியே இருந்தது. உச்சத் துடிப்போ மாறவில்லை. அதாவது வேலை தொடங்குமுன்பே இதயத்தின் கையிருப்பில் ஒரு பகுதி செலவாகிவிடுகிறது.

உங்கள் வயதுக்கு உச்சத் துடிப்பு ஏறக்குறைய 184. நிதானமாக ஓடும்போது 135இல் ஓடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கஞ்சா அதை 155 ஆக்கினால் கைக்கடிகாரம் ‘வேக ஓட்டம்’ என்று காட்டும். கால்கள் ஓடுவதோ அதே மெதுவான ஓட்டம். கடிகாரத்தை நம்பிப் பயிற்சி செய்பவருக்கு அன்றைய கணக்கு முழுதும் பிழை. கடிகாரம் வேண்டாம், உடம்பு சொல்வதைக் கேட்டு ஓடலாம் என்றால் அதையும் டிஎச்சி குழப்புகிறது.

அப்படியென்றால் நண்பர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஓட்டக்காரர்கள் 42 பேரை வைத்து நடத்தி, 2023 கடைசியில் வெளியான ஆய்வு இருக்கிறது. கஞ்சா எடுத்து ட்ரெட்மில்லில் அரை மணித்தியாலம் ஓடிய நாளில் ஓட்டம் இன்பமாக இருந்தது என்றார்கள். ஆனால் டிஎச்சி மிகுந்த வகையை எடுத்தவர்களுக்கு அதே ஓட்டம் கூடுதல் கஷ்டமாகவும் பட்டது. அதே குழு 2019இல் வெளியிட்ட கணக்கெடுப்பில் கஞ்சா பாவிப்பவர்கள் 605 பேரைக் கேட்டார்கள். உடற்பயிற்சியோடு சேர்த்து எடுப்பவர்களில் பெரும்பாலானோர் ‘மகிழ்ச்சி கூடுகிறது’ என்றார்கள். ‘திறன் கூடுகிறது’ என்றவர்கள் 38 சதவீதம்தான். ஏற்கெனவே கஞ்சா எடுத்துப் பழகியவர்களின் பதில்கள் இவை என்பதையும் கவனியுங்கள். உங்களைப்போல முதல்முறை எடுப்பவருக்கு அந்த இன்பத்தின் இடத்தில் பதற்றமே வரலாம்.

நீண்ட ஓட்டத்தின் பின் வரும் அந்த மிதக்கும் சுகத்தில், உடம்பு தானே சுரக்கும் கஞ்சா போன்ற பொருட்களுக்குப் பங்குண்டு. முன்பு அதை எண்டோர்ஃபின் (உடம்பு சுரக்கும் வலிநிவாரணி) என்று சொல்வோம். 2021இல் வந்த ஆய்வில் 63 பேருக்கு எண்டோர்ஃபின் வேலை செய்யும் வாசலை மருந்தால் அடைத்துவிட்டு 45 நிமிடம் ஓடவிட்டார்கள். சுகம் வரத்தான் செய்தது. ஆகவே வெளியிலிருந்து வாங்கிப் போடுவதை உங்கள் உடம்பு 45 நிமிட நிதான ஓட்டத்தில் ஓரளவு இலவசமாகவே தருகிறது. முதல் மூன்று நான்கு கிழமை அது தெரியாது, அலுப்பு மட்டும்தான் தெரியும்.

‘சப்ளிமென்ட்’ என்ற பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கனடாவில் சப்ளிமென்ட் டப்பாவில் எட்டு இலக்க இயற்கைச் சுகாதாரப் பொருள் எண் இருக்கும். கஞ்சாவுக்கு அது கிடையாது. 2018 அக்டோபர் 17 முதல் அதற்குத் தனிச் சட்டம். உண்ணும் கஞ்சாப் பொருட்களில் ஒரு பொதிக்கு 10 மில்லிகிராம் டிஎச்சிக்கு மேல் கூடாது. வைட்டமின், தாது எதையும் சேர்க்கக் கூடாது. கஃபீன் கோக்கோ போன்றவற்றிலிருந்து இயல்பாக வருவது மட்டும், அதுவும் ஒரு கொள்கலனுக்கு 30 மில்லிகிராம் வரை. ஆகவே ‘எனர்ஜி கம்மி, 50 மில்லிகிராம் டிஎச்சி, பி12 சேர்த்தது’ என்று யாராவது ஜிம் லொக்கரடியில் நீட்டினால், அது எந்தச் சோதனையும் இல்லாத கள்ளச் சரக்கு. சட்டப்படியான பொதியில் வரித்துறையின் முத்திரையும், கஞ்சா இலையோடு கூடிய சிவப்பு எண்கோணக் குறியும் இருக்கும்.

இரண்டாவது கம்மி ஏன் காரில் வந்து ஏறியது? விழுங்கிய டிஎச்சி குடல் வழியாகக் கல்லீரலுக்குப் போய், அங்கே இன்னும் வீரியமான வேறொரு பொருளாக மாறிய பிறகே மூளைக்கு வருகிறது. தெரியத் தொடங்க 30 நிமிடம் முதல் 2 மணித்தியாலம். உச்சம் தொட 4 மணித்தியாலம்வரை ஆகலாம். மிச்சம் 12 மணித்தியாலம்வரை இழுக்கும். வயிறு நிறைய எண்ணெய்ச் சாப்பாடு இருந்தால் ஒரு மாதிரி, வெறும் வயிறென்றால் வேறு மாதிரி. கடும் பயிற்சியில் குடலுக்கு ஓடும் இரத்தமும் குறைவதால் நேரத்தைக் கணிப்பது இன்னும் கடினம். ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று நீங்கள் நினைத்த அரை மணித்தியாலத்தில் முதல் கம்மி வயிற்றைத் தாண்டியிருக்குமோ என்னவோ. புதியவருக்குச் சொல்லப்படும் ஆரம்ப அளவு 2.5 மில்லிகிராமோ அதற்கும் குறைவோதான். நீங்கள் எடுத்தது அதைப்போல நாலு மடங்கு.

இந்தத் தாமதம் பிடிக்காமல் சிலர் வேப் அல்லது புகைக்கு மாறுகிறார்கள். அதில் சில நிமிடத்தில் ஏறும், 10 முதல் 30 நிமிடத்தில் உச்சம். இதயத்துடிப்பும் அதே வேகத்தில் பாயும். புகைத்தால் கார்பன் மோனாக்சைடு இரத்தத்தில் ஒக்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஓட்டக்காரர் தன் காலில் தானே கல்லைக் கட்டும் வேலை அது. கள்ளச் சந்தை வேப் குப்பிகளில் கலந்த வைட்டமின் ஈ அசிடேட் 2019இல் அமெரிக்காவில் எத்தனை நுரையீரல்களைக் கெடுத்தது என்பது செய்தியில் வந்ததுதான்.

உங்கள் கடிதத்தைப் படிக்கும் வேறு சிலர், இதயக் குடும்ப வரலாறு இல்லாதவர்கள், எப்படியும் எடுக்கத்தான் போகிறார்கள். அவர்களுக்கு: முதல் தடவைகளை ஜிம்மில் வைத்துக்கொள்ளாதீர்கள்; வீட்டில், அடுத்த நாள் வேலை இல்லாதபோது, உங்கள் உடம்பு எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். உண்பதென்றால் 2.5 மில்லிகிராமுக்கு மேல் போகாதீர்கள், அன்று இரண்டாவது தடவை கிடையாது. உலர்ந்த கஞ்சாவின் பொதியில் ‘மொத்த டிஎச்சி’ என்ற எண்ணைப் பாருங்கள். சூடாக்கியபின் கிடைப்பது அதுதான், அது ஒரு கிராமுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டாத வகையாகப் பாருங்கள். அன்றைக்கு நடை, யோகா, தரையில் நீட்டல் பயிற்சி இவ்வளவுதான். தலைக்கு மேல் தூக்கும் சுமை, பெஞ்ச் பிரஸ், ட்ரெட்மில் வேகம், நீச்சல், வீதியில் சைக்கிள் எதுவும் வேண்டாம். உடம்பின் சமநிலையும் உடனே எதிர்வினை காட்டும் திறனும் மந்தமாகியிருக்கும். தரையிலிருந்து எழும்போது முழங்காலில் ஒரு நிமிடம் இருந்துவிட்டு எழுங்கள். கஃபீன் பவுடரோடும் மதுவோடும் சேர்க்காதீர்கள். மூட்டிலோ தசைநாரிலோ ஏற்கெனவே வலி இருந்தால் அன்று எடுக்கவே கூடாது. டிஎச்சி வலியின் காரணத்தைத் தொடாது, அது உறுத்தாமல் மட்டும் செய்யும். நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தாமல் இன்னும் நாலு செட் போடுவீர்கள். குடும்பத்தில் மனப்பிறழ்வு நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பிரஷர் அல்லது இதயத்துடிப்புக்கு மருந்து எடுப்பவர்கள் தொடவே வேண்டாம்.

வேலை, கார் விஷயம். கஞ்சா புகைத்தால் குறைந்தது 6 மணித்தியாலம் கார் ஓட்டக் கூடாது என்பது கனடிய வழிகாட்டுதல். உண்டிருந்தால் அன்றிரவு முழுதும் சாவியைத் தொடாதீர்கள். இரத்தத்தில் ஒரு மில்லிலீட்டருக்கு 2 நானோகிராம் டிஎச்சி இருந்தாலே குற்றம், 5ஐத் தொட்டால் கடுமையான குற்றம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவருக்கு வேலைத்தலத்தின் பாதுகாப்பு விதி இதைவிட இறுக்கமாக இருக்கும், அதை வாங்கிப் படியுங்கள். சிறுநீர்ச் சோதனையில் எப்போதாவது எடுப்பவருக்குச் சில நாட்கள்வரையும், தினமும் எடுப்பவருக்கு ஒரு மாதம் அல்லது அதற்கு மேலும் கஞ்சாவின் தடயம் தெரியும். ஓடி வியர்த்தால் வெளியேறிவிடும் என்று ஜிம்மில் சொல்வார்கள், நம்பாதீர்கள். டிஎச்சி கொழுப்பில் தங்குவது. 2013இல் சிட்னியில் வழக்கமாக எடுக்கும் 14 பேரை 35 நிமிடம் சைக்கிள் மிதிக்கவைத்துப் பார்த்தபோது இரத்தத்தில் டிஎச்சி சற்றுக் கூடியதே தவிரக் குறையவில்லை.

அரை மராத்தானில் பொழுதுபோக்காக ஓடுபவரைச் சோதிப்பது அரிது. ஆனால் விதி தெரிந்திருக்கட்டும்: உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு டிஎச்சியைப் போட்டிக் காலத்தில் தடைசெய்திருக்கிறது, எல்லை சிறுநீரில் ஒரு மில்லிலீட்டருக்கு 150 நானோகிராம். போட்டிக் காலம் முந்தைய இரவு 11:59க்கே தொடங்குகிறது. 2021இல் அமெரிக்க ஓட்டக்காரி ஷகாரி ரிச்சர்ட்சன் ஒரு மாதத் தடை பெற்று டோக்கியோ 100 மீட்டரை இழந்தது இதனால்தான்.

இனி, கம்மிக்குப் பதில் என்ன. வைத்தியர் ‘ஓடலாம்’ என்றபின், கஃபீன் ஒரு கிலோ உடல் எடைக்கு 3 மில்லிகிராம். உங்கள் 78 கிலோவுக்கு ஏறக்குறைய 230, அதாவது முக்கால் கரண்டி, ஓடுவதற்கு ஒரு மணித்தியாலம் முன். அன்றைய கோப்பியும் சேர்த்து 400ஐத் தாண்டக் கூடாது. கஃபீனில் பாதி கழியவே 5 மணித்தியாலம் போல ஆகும்; ஆகவே இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குபவர், தூக்கத்துக்கு முந்தைய 8 மணித்தியாலத்தில் அதைத் தொடாமல் பயிற்சி நேரத்தை மாற்றுவது நல்லது. உங்கள் களைப்பின் பெரும்பகுதி தூக்கக் குறைவுதான் என்பது என் கணிப்பு. தூங்குவதற்கென்று கம்மி எடுக்கும் யோசனை வந்தால் அதையும் விடுங்கள். சில கிழமை தொடர்ந்து எடுத்து நிறுத்தினால் தூக்கம் முன்பைவிடக் கெடும், கெட்ட கனவும் வரும். ஒன்றேகால் மணித்தியாலத்தைத் தாண்டும் ஓட்டங்களில் மணித்தியாலத்துக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து, ஜெல்லாகவோ பேரீச்சம்பழமாகவோ. அலுப்புக்கு ட்ரெட்மில்லை விட்டு ரூஜ் பூங்காவின் மண்பாதைக்குப் போங்கள். பாட்டுக் கேட்டு ஓடினால் கஷ்டம் குறைவாகப் படும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது.

வைத்தியரிடம் கேட்கவேண்டியவை: இரத்த அழுத்தம், இசிஜி, கொலஸ்ட்ரால், மூன்று மாதச் சர்க்கரை அளவு, அதோடு லைப்போபுரோட்டீன்-ஏ என்ற இரத்தக் கொழுப்பு. கடைசியாகச் சொன்னது பரம்பரையாக வருவது. வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும் என்று கனடிய இதயச் சங்கமே சொல்கிறது. அப்பாவின் கதைக்கு அது பொருந்தக்கூடும்.

யாழ்ப்பாணப் பயணத்துக்கு முன் ஜிம் பையைத் தலைகீழாகக் கொட்டிப் பாருங்கள். கனடாவிலிருந்து கஞ்சாவை, சிபிடி எண்ணெய் உட்பட, எல்லை தாண்டிக் கொண்டுபோவதே கனடியச் சட்டப்படி குற்றம், மருத்துவச் சீட்டு இருந்தாலும். இலங்கையிலும் குற்றம், இடையில் இறங்கும் சிங்கப்பூரிலும் குற்றம், டுபாயிலும் தடை. மறந்துபோன ஒரு கம்மிக்கு அங்கே யாரும் விளக்கம் கேட்டுக்கொண்டிருக்கமாட்டார்கள்.

அப்பாவுக்கு சிபிடி எண்ணெய் வேண்டாம். சிபிடி போதை தராது, 2018இல் விளையாட்டுத் தடைப் பட்டியலிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். அதனால் பாதகமில்லாதது என்று எண்ணிவிடுகிறோம். வார்ஃபரினைக் கழிக்கும் அதே கல்லீரல் நொதியை சிபிடி மந்தமாக்குகிறது. வார்ஃபரின் இரத்தத்தில் தேங்கி ஐஎன்ஆர் (இரத்தம் உறையச் செல்லும் நேரத்தைக் காட்டும் எண்) ஏறும், உள்ளே இரத்தம் கசியலாம். ஏற்கெனவே சில நாள் கொடுத்துவிட்டீர்கள் என்றால் ஐஎன்ஆர் பார்க்கும் இடத்துக்குத் தொலைபேசியில் சொல்லி, சில நாட்களுக்குள் ஒரு சோதனை எடுங்கள்; ஈறில் இரத்தம், கறுப்பு மலம், காரணமில்லாத கன்றல் தெரிந்தால் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவு. முழங்காலுக்கு, இருதய வைத்தியர் தடை சொல்லாவிட்டால், கதிரையிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதைப் பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை செய்யச் சொல்லுங்கள். ஒரு பிசியோதெரபிஸ்டையும் பாருங்கள். மருந்துக் கடையில் கேட்காமல் ஐபுப்ரோஃபென் கொடுக்காதீர்கள், அது வார்ஃபரினோடு சேர்ந்தால் சிபிடியைவிட மோசம்.